சாக்பீஸ் கோட்டுக்குள்

சுவரில் அந்தக் கறை இருந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மேடையில் ஏறி முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தேசிங்கு அதைக் கவனித்தார். தோளில் கிடந்த துண்டை உருவிச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய கோவணத்தோடு, ஒரு காலை முன்னால் நீட்டி ஒரு காலைப் பின்னால் வாங்கி, மூங்கில் கோலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வழக்கம்போல் கண்ணை வைக்க இடம் தேடினால் இடம் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி உண்டான கறை அது. படுத்துக்கிடக்கும் எருமை மாதிரி இருக்கும். அந்த எருமையின் வயிற்றில் கண்ணை ஊன்றிவிட்டால் தலை நிற்கும், தலை நின்றால் முதுகு நிற்கும், முதுகு நின்றுவிட்டால் அப்புறம் உடம்பு தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும், மனுஷன் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். இந்த ஓவியக் கல்லூரியில் மாடலாக உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். இன்றைக்கு ரெஜினா மேடம் எருமையை மூடித் துணியைக் கட்டி எதிரே படம் காட்டும் மிஷினை வைத்துவிட்டார். முதல் வருஷத்துப் பிள்ளைகளாம், பல தேசத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டே வரையட்டுமாம். கண்ணை வலப்பக்கம் போடலாம் என்றால் வலப்பக்கம் அந்தப் பெண் நிற்கிறாள். ஜன்னலை ஒட்டி, வரையும் தாள் மாட்டிய மூன்றாவது ஸ்டாண்டுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. லோகேஸ்வரிதான். அவருடைய மகள் கஸ்தூரியின் கழுத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்ட பெண்.

மேடம்தான் ஆரம்பித்து வைத்தது. யாராவது வந்து மாடல் காலைச் சுற்றிக் கோடு போடுங்கள் என்றார். இடைவேளையில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தால் கால் பழைய இடத்திலேயே இருக்க வேண்டுமே, அதற்காக. முன்னால் நின்றவள் சாக்பீஸை வாங்கிக்கொண்டு வந்து காலடியில் குந்தினாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வகிடும் ஒரு கிளிப்பும்தான். இடது பாதத்தைச் சுற்றி வந்தாள். வலது பாதத்தில் கட்டைவிரலைத் தாண்டிப் பக்கத்து விரலுக்கு வந்ததும் சாக்பீஸ் நின்றுவிட்டது. அந்த விரல் முறிந்து சரியாகச் சேராமல் அடுத்த விரல்மேல் ஏறிக் கிடக்கும். ரயில் பார்சலில் மூட்டை தூக்கிய காலத்தில் மரப்பெட்டி விழுந்து நசுங்கியது. அதற்கப்புறம் மூட்டை தூக்க முடியாமல் போய்த்தான் இங்கே வந்து உட்கார்ந்தார். வைகாசியில் நடந்த கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இல்லையென்று சித்தப்பா மகளான இவளை நாத்தனாராக நிறுத்தினார்கள். முடிச்சுப் போட்ட கையோடு வந்து இவர் காலில் விழுந்தவள், எழுந்திருக்காமலே, மாமா, விரல்ல இன்னா அடி என்று கேட்டாள். மண்டபம் நிறைய இருந்த சம்பந்தி வீட்டு ஜனத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு அந்த விரலை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது. சாக்பீஸ் நின்றது. அவள் முகத்தைத் தூக்கினாள். முழங்கால், தொடை, கோவணம், குடலிறக்க ஆபரேஷன் தழும்பு, தொய்ந்த வயிறு என்று கண் ஒவ்வொரு படியாக ஏறி வந்து அவர் முகத்தில் முட்டி நின்றது. மாமா என்று அவள் உதடு குவிந்ததை அவர் பார்த்தார். சத்தம் வரவில்லை. குனிந்து மிச்சக் கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டிசைன் படிக்கப் போகிறாள் என்றுதான் மண்டபத்தில் சொன்னார்கள். டிசைன் என்றால் ஜாக்கெட் தைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நல்லதுதான், கைத்தொழில் என்று ஒரு வார்த்தை வேறு சொல்லிவைத்தார். இந்த மாதிரி இங்கே வந்து நிற்பாள் என்று யார் கண்டது. இனி என்ன நடக்கும் என்பது அவருக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது. சாயங்காலம் இவள் வீட்டுக்குப் போவாள். இவளுடைய பெரியப்பாதான் சம்பந்தி கோதண்டம், ஒரே சந்தில் இரண்டு வீடு. பெரியப்பா, நம்ம கஸ்தூரி அண்ணியோட அப்பா எங்க காலேஜ்ல கோவணத்தோட உக்காந்துகினு கீறாரு என்பாள். கோதண்டம் சிரிக்க மாட்டான். சிரித்தால்கூடத் தேவலை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிடையர் ஆனவன். யாரோ டிக்கெட் எடுக்காமல் வந்ததைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு மூஞ்சி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான். கல்யாணத்தன்றே சந்தேகப்பட்டவன்தானே. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு, "சம்பந்தி, காலேஜுல உங்களுக்கு இன்னா வேல, நிக்கிற வேலையா, உக்கார்ற வேலையா?" என்றான். அட்டெண்டர் என்று முன்பே சொல்லியிருந்தார். அதை இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் முந்திக்கொண்டு, ரெண்டும் உண்டு என்று சொல்லிவிட்டது. அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. தெரிந்து கேட்டானா, தெரியாமல் கேட்டானா? வைகாசியிலிருந்து இந்த ஐப்பசி வரைக்கும் அந்த ரசம் சாதம் அவருக்கு நெஞ்சில் இறங்கவில்லை. தெரிந்துதான் கேட்டிருப்பான். தெரிந்திருந்தால் பெண் எடுத்திருப்பானா? அப்போது தெரியாமல் இருந்து, இனிமேல் தெரிந்தால்? கஸ்தூரியை ஒன்றும் செய்யமாட்டார்கள், நல்ல மாப்பிள்ளை, ஆனால் காப்பி கொடுக்கும்போது ஒரு பார்வை, கோலம் போடும்போது ஒரு பேச்சு. அவளுக்கே தெரியாது. அவளும் அட்டெண்டர் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். பெண்சாதி பேபிக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "வேட்டியோடதான?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் கேட்கவும் இல்லை. ஒரு பெண்சாதி ஒரு கேள்வியை ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அவள் மேலும் அவருக்கு வருத்தம்தான்.

விளக்கை அணைத்தார்கள். துணியில் ஒரு வெளிச்சம் விழுந்தது. எருமை இருந்த இடத்தில் சிவப்பு உடம்புக்காரன் ஒருத்தன் நின்றான். தேசிங்குக்கு வேறு வழியில்லை, பார்த்தார். பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய விரதம். பிள்ளைகள் வரைந்ததையும் பார்ப்பதில்லை, வாத்தியார்கள் காட்டுகிற படத்தையும் பார்ப்பதில்லை. இடைவேளை வந்தால் துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். இன்றைக்கு விரதம் போயிற்று. சிவப்பு உடம்புக்காரனுக்கு முகம் பக்கவாட்டில் இருந்தது, கண் மட்டும் நேராக இருந்தது, மீன் மாதிரி. தோள் இரண்டும் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். வரையத் தெரியாதவன் வரைந்தது என்று நினைத்தார். பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் இருட்டுக்குள்ளிருந்து பேசினார். எகிப்து தேசத்தில் செத்தவர்களுடைய கல்லறைச் சுவரில் எழுதியதாம். அவர்களுக்கு வரையத் தெரியாமல் இல்லை. பார்க்கிறவன் நிற்கிற இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதை எழுதுவது அவர்கள் நோக்கம் இல்லை. செத்தவன் அடுத்த உலகத்துக்குப் போகும்போது ஒரு அங்கமும் குறையக் கூடாது. ஒரு தோளைச் சுவரில் விட்டுவிட்டால் அங்கே போய் அவனுக்கு அந்தத் தோள் கிடைக்காது. அதனால் எந்த அங்கம் எந்தப் பக்கத்திலிருந்து முழுசாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து அதை எழுதிச் சேர்த்தார்கள். தேசிங்கு கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும், அது ஞாபகம் வராத நாள் எது. தாலி கட்டிய படத்தில் போட்டோக்காரன், பெரியவரே கொஞ்சம் தள்ளிக்குங்க, இன்னும் தள்ளிக்குங்க என்றான். தள்ளினார். ஆல்பம் வந்தபோது புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோதண்டம் எட்டுத் திக்கிலும் இருந்தான். இவருடையது பாதித் தோள், ஒரு காது. சட்டை புதுசு, அந்தத் தோளில் மடிப்புக்கூடத் தெரிந்தது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுத்தது சம்பந்தி வீடுதான் என்று அவர் தீர்மானமாக நம்பினார். யாரிடமும் சொல்லவில்லை. தன் மகள் கல்யாணத்தில் தன் மூஞ்சியைக் காணோம் என்று எந்த மனுஷன் வாய்விட்டுச் சொல்லுவான். எகிப்துக்காரன் கணக்கில் பார்த்தால் செத்து அங்கே போய் இறங்கும்போது அவர் பாதித் தோளும் ஒரு காதுமாகத்தான் போய் நிற்பார்.

ஜன்னல் வெளிச்சத்தில் கரிக்குச்சிகள் தாளில் உரச ஆரம்பித்தன. கீச் கீச்சென்று, கோழிகள் குப்பையைக் கிளறுகிற மாதிரி. இந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. இன்றைக்கு ஒவ்வொரு கீச்சும் தோலில் விழுந்தது. வலப்பக்கத்திலிருந்து வருகிறதா என்று காது தேடியது. அங்கே சத்தமே இல்லை. வரையாமல் நிற்கிறாளா? முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தது. நடந்தது. ஈ நடந்தால் அசையக் கூடாது, அதுதான் தொழில். மற்ற நாளில் அசைந்ததில்லை என்ற பெருமை இருந்தது. இப்போது ஈ நடப்பதை அந்தப் பெண் பார்க்கிறாள் என்றதும் முதுகெல்லாம் வெட்கம் பரவியது. வெட்கத்துக்கு இடம் முகம் என்று சொல்லுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. அக்குளில் வரும், தொப்புளில் வரும், முழங்கால் மடிப்பில் வரும். கோவணத்தின் முடிச்சு நன்றாக இருக்கிறதா? குனிந்து பார்க்க முடியாது. எழுந்து போய்விடலாம். காய்ச்சல் மேடம் என்று சொல்லலாம். எழுந்தால் எல்லாரும் இந்த உடம்பை நடக்கிற உடம்பாகப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்வரை அது ஒரு சாமான். பானை, முக்காலி, கோல் மாதிரி. எழுந்தால்தான் அது கஸ்தூரியின் அப்பா.

வெளிச்சம் மாறியது. கல்லில் ஒரு மனுஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் கூடை முடைந்த மாதிரி. வயிறு என்பதே இல்லை, முதுகுத்தண்டு முன்பக்கம் வந்து தெரிந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. பட்டினி. அந்தக் களிமண் பொம்மை. இன்னாசிமுத்து. இன்னாசிமுத்து செய்த அந்தப் பொம்மை இங்கே எப்படி வந்தது என்றே முதலில் நினைத்தார். பழைய மாணவன் அவன், தூத்துக்குடிப் பக்கம், எப்போதும் வெற்றிலை போட்டு வாய் சிவந்திருக்கும், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிடுவான். வாரக்கணக்கில் இவரை உட்கார வைத்துக் களிமண்ணில் செய்தான். செய்து முடித்து அதற்குப் பட்டினி என்று பேர் வைத்தான். பரிசு கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. எதிர்வீட்டு மேஸ்திரி பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, இது நீதானப்பா, சோத்துக்கு அவ்ளோ கஷ்டமா, சொல்லக் கூடாதா என்றார். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது தேசிங்கு முட்டைப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தார். ஒன்று அல்ல, இரண்டு. அவர் எப்போது பட்டினி கிடந்தார்? எலும்பு உடம்பு, பரம்பரை உடம்பு. அதைத் தின்னாத உடம்பு என்று ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டான். கண்காட்சியில் பொம்மை எதிரில் நின்று பெரிய இடத்துப் பெண்கள் த்சோ த்சோ என்றார்கள். அன்றைக்கு எடுத்த விரதம்தான் இது. இன்னாசி அப்புறம் ஒரு தரம் எதிரில் வந்து, என்ன அண்ணாச்சி பேச மாட்டேங்கிறீங்க என்று கேட்டான். இவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அத்தோடு சரி. அவன் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறானாம், இவர் இன்னும் அவனோடு பேசாமல்தான் இருக்கிறார். மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். இது புத்தர். வடமேற்கே மலைநாட்டில் பழைய காலத்துச் சிற்பி செதுக்கியது. ராஜா வீட்டுப் பிள்ளை, சாப்பாடு கிடைக்காமல் இல்லை, வேண்டாம் என்று உண்ணாமல் கிடந்தார். அந்த விலா எலும்பைக் கும்பிட்டிருக்கிறார்கள். நன்றாகப் பாருங்கள், இவர் மெலிந்திருக்கிறாரே ஒழிய எளியவராகத் தெரிகிறாரா? பிள்ளைகள் பார்த்தார்கள். தேசிங்கும் பார்த்தார். எளியவராகத் தெரியவில்லை. எலும்புக்கு மேலே நேராக நிமிர்ந்த கழுத்து. யாரிடமும் கையேந்தாத உட்கார்வு. அந்தக் களிமண் பொம்மையின் கழுத்து எப்படி இருந்தது? யோசித்தார். பேப்பரில் பேரைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு பொம்மையைப் பகைத்துக்கொண்டிருக்கிறார், அதன் கழுத்து எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அதற்காக இன்னாசியை மன்னித்துவிட முடியுமா. முடியாது. முட்டைப் பரோட்டா தின்ற மனுஷனுக்குப் பட்டினி என்று பேர் வைத்தது வைத்ததுதான். ஆனால் கழுத்தைப் பார்த்திருக்கலாம்.

சீன தேசத்துப் படம் ஒன்று வந்தது. மலை, மலையை மறைக்கிற மேகம், பாதித் தாள் வெறுமனே கிடந்தது. இதில் ஒரு ஆள் இருக்கிறான், தேடுங்கள் என்றார் மேடம். பிள்ளைகள் தேடினார்கள். தேசிங்கு தலையை அசைக்காமல் கண்ணால் தேடினார். கீழே ஒரு மூலையில், எறும்பு அளவுக்கு, கையில் ஒரு கோலோடு ஒரு கிழவன் நடந்துபோய்க்கொண்டிருந்தான். அவனைக் கேவலமாக நினைத்துச் சின்னதாக்கவில்லை, அவனுக்கு நடக்க இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றார் மேடம். மூலைக்குத் தள்ளுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது போலிருக்கிறது. கோதண்டம் வீட்டுப் போட்டோக்காரனுக்கு ஒரு விதம்தான் தெரிந்திருந்தது. அப்புறம் கடைசியாக ஒரு மரமூஞ்சி வந்தது. நீளமாக, கறுப்பாக, நெற்றி புடைத்து, கண் இருக்கிற இடத்தில் கத்தியால் கீறிய மாதிரி இரண்டு கோடு. ஆப்பிரிக்காவில் ஒரு ஜனம் ஆட்டத்தில் போட்டுக்கொள்ளுகிற முகமூடி. அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஆட வந்துவிட்டால் அவன் அப்புறம் அந்த ஊர் ஆள் இல்லை, இறங்கி வந்த ஆவி என்றார் மேடம். அவன் நடையை வைத்து, காலை வைத்து அவன் பெண்சாதிக்கே அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்தாலும் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பிறகு மேடம் பிள்ளைகளிடம், ஆளுக்கு ஒரு தேசத்துக் கையை எடுத்துக்கொள்ளுங்கள், எகிப்துக்காரன் இங்கே வந்து இவரைப் பார்த்தால் எப்படி எழுதுவானோ அப்படி, மலைநாட்டுச் சிற்பி பார்த்தால் எப்படியோ அப்படி, எது பிடித்ததோ அது என்றார். விளக்கு எரிந்தது. கீச் கீச் அதிகமானது. இப்போது வலப்பக்கத்திலிருந்தும் வந்தது. விட்டு விட்டு, பிறகு விடாமல். வரைகிறாள். அவள் வரைவது அவர் தொடையில் ஊர்ந்தது, தழும்பில் ஊர்ந்தது, மேலே ஏறி வந்தது. இடைவேளை மணி அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தார். இன்றைக்கு மட்டும் அல்ல, ஒரேயடியாக. நாளைக்குக் கோதண்டம் கேட்டால், அதெல்லாம் விட்டாச்சு சம்பந்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மணி அடித்தது. மேடமும் பிள்ளைகளும் டீ குடிக்கப் போனார்கள். தேசிங்கு துண்டைப் போர்த்திக்கொண்டு, கால் மரத்துப்போனதால் மெல்ல இறங்கினார். சட்டை எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கியது. அங்கே போக வேண்டுமானால் ஸ்டாண்டுகளைக் கடந்துதான் போக வேண்டும். எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு கடப்பார். இன்றைக்குக் கண் ஒருமுறை திறந்துவிட்டது, மூடிக்கொள்ளத் தெரியவில்லை. முதல் தாளில் அவருக்கு மீன் கண். தோள் இரண்டும் இருந்தன, முழுசாக. அதன்மேல் விரலை வைக்கப் போய்க் கரி அழிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டார். அடுத்ததில் பெரிய மலையடியில் எறும்பளவு உட்கார்ந்திருந்தார், கோல் மட்டும் தெளிவாக இருந்தது. அதற்கடுத்ததில் விலா எலும்பு. கழுத்தைப் பார்த்தார். நிமிர்ந்துதான் இருந்தது. தன் கழுத்து அப்படி நிமிர்ந்து இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் மனுஷன் முகத்தைத்தானே பார்க்கிறான், சவரம் செய்துகொள்ள. ஜன்னலோரம் மூன்றாவது ஸ்டாண்டுக்கு வந்தார். போகக் கூடாது என்றுதான் இருந்தார்.

அவர் உடம்பு அப்படியே இருந்தது. ஏறிக் கிடக்கும் விரல், தழும்பு, முழங்கால் சுருக்கம், கோலைப் பற்றிய கை, ஒன்றும் விடவில்லை. கழுத்துக்கு மேலே அந்த மரமூஞ்சி. நெற்றி புடைத்து, கண்ணுக்குப் பதில் இரண்டு கீறல். இவளும் இன்னாசிதான். சம்பந்தி வீட்டுப் பெண்தானே, மாமன் மூஞ்சியைப் பேய் மூஞ்சியாகப் போட்டு வைத்திருக்கிறாள், நாளைக்கு அந்தச் சந்து முழுக்கக் காட்டுவாள். தாளைப் பிடித்துக் கிழிக்கக் கை போனது. கையைப் பாதி வழியில் நிறுத்தியது அந்த விரல்தான். அந்த விரலை மட்டும் அவள் அழித்து அழித்துத் திருத்திப் போட்டிருந்தாள். காலை வைத்து அடையாளம் தெரியும், பேரைச் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. காலையிலும் உதடு குவிந்ததோடு நிறுத்திக்கொண்டாள். அவரை மறைத்திருக்கிறாள். மண்டபத்தில் ஜனம் பார்த்துவிடாமல் விலகிய புடவையை ஒருத்தி இழுத்து மூடிவிடுவதுபோல, ஒரு மரமூஞ்சியை எடுத்து அவர்மேல் போர்த்தியிருக்கிறாள். ஐயோ என்று இருந்தது. கிண்டல் செய்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டு போயிருக்கலாம். பகையை வைத்துக்கொள்ள அவருக்கு நன்றாகத் தெரியும், கருணையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன் வயசில் பாதிகூட இல்லாத பெண் மூடிவிடுகிற அளவுக்குத் தான் திறந்து கிடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, கோவணத்தோடு உட்கார்ந்திருந்ததைவிட அதிகமாகக் கூசியது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லோகேஸ்வரி இரண்டு கையிலும் டீ டம்ளரோடு நின்றாள்.

"டீ எடுத்துக்குங்க மாமா."

அவர் வாங்கிக்கொண்டார். துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார்.

"நா யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மாமா. பெரியப்பாகிட்ட சத்தியமா சொல்லமாட்டேன்."

"சொல்றதுக்கு இன்னா கீது," என்றார்.

அவள் டம்ளரையே பார்த்தாள். "நீங்க சொல்லிடாதீங்க மாமா. எங்க வூட்ல டிசைன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஆள உக்கார வெச்சு வரையறோம்னு தெரிஞ்சா அப்பா காலேஜ நிறுத்திடுவாரு. உங்க கால பாத்ததும் எனக்கு உசுரே இல்ல. அண்ணிகிட்ட சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

தேசிங்கு அவளைப் பார்த்தார். காலையிலிருந்து இந்தக் கூடத்தில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதில் அவருக்குத் தன் பாதிதான் தெரிந்திருக்கிறது. இந்தப் பெண் கரிக்குச்சியை வைத்துக்கொண்டு வரையாமல் நின்ற நேரமெல்லாம் அவர் கோவணத்து முடிச்சைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி ஏன் இப்டி?"

"உங்க மொகத்த பாக்க முடியல மாமா. பாத்தாதான வரைய முடியும். கழுத்து வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல வரல."

டீயில் ஏடு படிந்தது. அவர் அதை விரலால் ஒதுக்கினார். வைகாசியிலிருந்து பேபியிடம்கூடச் சொல்லாத ஒன்று, யாரும் கேட்காமலே, வெளியே வந்துவிட்டது.

"கல்யாண ஆல்பத்துல என் மூஞ்சி வர்ல, தெரியுமா உனக்கு."

"தெரியும் மாமா. தோள் மட்டும் கீது. காது." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "அந்தப் படம் வாணாம்னு நா சொன்னேன். தாலி நல்லா விழுந்திருக்குன்னு சொல்ட்டாங்க."

அப்படியானால் யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள். சொல்லியும் இருக்கிறாள். அந்த வீட்டின்மேல் அவர் கட்டி வைத்திருந்த பகையில் ஒரு செங்கல் நழுவியது. அதை எடுத்துத் திரும்ப வைக்கப் பார்த்தார், பொருந்தவில்லை. சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. மேடம் வந்துவிடுவார்.

"இதுலயாவது என் மூஞ்சிய போடும்மா," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, சட்டை இருந்த பக்கம் போகாமல் திரும்பி நடந்தார்.

எல்லாரும் உள்ளே வந்தபோது அவர் மேடைமேல் இருந்தார். துண்டைச் சுருட்டிப் பின்னால் போட்டார். சாக்பீஸ் கோட்டுக்குள் இடது காலை வைத்தார். வலது காலை வைத்தார். கோணல் விரலுக்காக அவள் வளைத்து விட்டிருந்த இடத்தில் விரல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. கோலைப் பிடித்தார், முதுகை நிறுத்தினார். அப்புறம், இங்கே வந்து உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு தடவையும் செய்யாத காரியமாக, தலையை வலப்பக்கம் திருப்பி ஜன்னலோரம் பார்த்தார்.

"மேடம், தாத்தா தல திரும்பிடுச்சு," என்றான் எகிப்துக்காரன் கையை எடுத்தவன்.

மேடம் வந்து பார்த்தார். "தேசிங்கண்ணே, முன்ன பார்த்த மாதிரி நேரா பாருங்க."

"இப்டியே இருக்கட்டும் மேடம்."

இந்தக் கல்லூரியில் மாடல் பேசி மேடம் கேட்டதில்லை. அவர் தேசிங்கைப் பார்த்தார், தேசிங்கு பார்த்த பக்கம் பார்த்தார், சரி, தலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. லோகேஸ்வரி ஒரு பழைய பனியன் துணியை எடுத்து மரமூஞ்சியைத் துடைத்தாள். அவர் இருந்த இடத்திலிருந்து தாள் தெரியாது, அவள் தோள் அசைவதுதான் தெரிந்தது. கரி புகையாகப் பறந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்தாள். மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் அந்தச் சந்தில் என்ன பேச்சு நடக்கும், கஸ்தூரி கேட்டால் என்ன சொல்லுவது, பேபியின் அந்த ஒற்றைக் கேள்விக்கு இனியாவது பதில் சொல்லுவதா, ஒன்றும் தெரியவில்லை. வெட்கம் எங்கேயும் போய்விடவில்லை. இரண்டு காதிலும் கொதித்தது, கழுத்தில் இறங்கியது, கன்னத்தில் ஏறியது. மறைக்க எருமையும் இல்லை. கரிக்குச்சி தாளில் பட்டது. அதையும் போட்டுக்கொள்ளட்டும் என்று தேசிங்கு அசையாமல் இருந்தார்.